அஞ்சலையின் விரதம்

அஞ்சலைக்கு எடை நாலு கிலோ குறைந்துவிட்டது. இன்னும் குறைந்தால் அடுத்த கீமோவைத் தள்ளிவைப்பேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வாரா வாரம் போன் போட்டுப் பக்கவிளைவுகளை விசாரிக்கும் நர்ஸ் நான். வாந்தி இல்லை, வாய்ப்புண் இல்லை, "நல்லாதான் இருக்கேன் மிஸ்ஸி" என்று அவள் சொன்னதை எல்லாம் அப்படியே எழுதிவைத்த புத்திசாலியும் நான்தான்.

அவள் மலேசியாவில் பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் இருந்தாள். உடனே போனில் கூப்பிட்டேன்.

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"மோர் சோறு. ஒரு வேளைதான். விரதம் மிஸ்ஸி."

"யாரு உங்கள விரதம் இருக்கச் சொன்னது?"

குரலைத் தாழ்த்தினாள். "முடி கொட்டிருச்சு. பக்கத்து வீட்டு சரோஜா கேட்டா. நோயின்னு சொன்னா பாவப்படுவாங்க. வேண்டுதலுக்கு மொட்டை போட்டேன்னு சொல்லிட்டேன். அப்புறம் விரதம் இல்லாம எப்படி? வர்ற வெள்ளிக்கிழமை பால்குடம் வேற."

ரத்தத்தில் வெள்ளை அணு குறைந்திருக்கிற ஆள், வெறுங்காலோடு கூட்டத்தில்! போனிலேயே கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து சரோஜா தயிரோடு வந்து நின்றாள். அஞ்சலை ஸ்பீக்கரைப் போட்டு, "நீங்களே சொல்லிடுங்க மிஸ்ஸி" என்றாள்.

"உங்க நோய், நீங்கதான் சொல்லணும்."

அஞ்சலை அழுகையோடு, "சரோ, எனக்குக் கேன்சர்."

"தெரியும்லா," என்றாள் சரோஜா. "எந்தக் கோயில்ல புருவத்தையும் சேர்த்துச் சிரைக்கிறாங்க?"

"அப்போ ஏன் கேக்கல?"

"நீ மறைக்கணும்னு நெனச்சே. நாங்க ஏன் காட்டிக் குடுக்கணும்? உனக்குத் துணையா லயமே ஒரு மாசமா கவுச்சி தொடல. என் வீட்டுக்காரரு ராத்திரி தூக்கத்துல மீனு மீனுன்னு பொலம்புறாரு!"

நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அஞ்சலையும் அழுதுகொண்டே சிரித்தாள். சரோஜா மட்டும் சிரிக்கவில்லை. "மிஸ்ஸி, முட்டை குடுக்கலாமா?" என்று கேட்டாள்.

"நல்லா வேகவச்சு, எத்தனை வேணாலும்."

வெள்ளிக்கிழமை பால்குடத்தை அஞ்சலை பெயரில் சரோஜாவே எடுத்தாள். கீமோவும் தள்ளிப்போகவில்லை.

அதற்குப் பிறகு நான் யாரிடமும் வாந்தியைப் பற்றி முதலில் கேட்டதில்லை. "வெளியில என்ன சொல்லி வச்சிருக்கீங்க?" என்றுதான் ஆரம்பிப்பேன். உடம்பு படுத்துகிற பாட்டுக்கு என்னிடம் மாத்திரை உண்டு. பாவப்படுவார்களோ என்ற பயத்துக்கு நான் கொடுக்க ஒன்றும் இல்லை. அதற்குப் பக்கத்து வீட்டிலிருந்துதான் ஆள் வரவேண்டும்.