ஏறிக்கொண்டே போன முள்

சங்கரன்கோவிலில் தறி நூலுக்குக் கஞ்சி போடும் மில் ஒன்றில் சேக் மைதீன் ஃபிட்டர். இருபது வருட வேலை. மோட்டாரின் சத்தத்தை வைத்தே பழுது எங்கே என்று சொல்லிவிடுவார்.

1984 மார்கழியில், பாய்லர் ஆபரேட்டர் நல்லகண்ணு அவரைத் தேடி வந்தான்.

"பாய், டேங்க் முள்ளு கோட்டி பிடிச்சு ஆடுது. நேத்து நாலடி காட்டிச்சு. ராத்திரி பூரா பாய்லர் எரிஞ்சிருக்கு, இன்னைக்கு நாலரை காட்டுது."

பாய்லருக்கான பர்னஸ் ஆயில் நிற்கும் டேங்க் அது. எண்ணெய் கட்டிப்படாமல் இருக்க உள்ளே நீராவிக் குழாய் ஓடும். எண்ணெயில் மிதக்கும் குண்டு ஒன்று கம்பியால், வெளியே அடி அளவு குறித்த பலகையின் முள்ளோடு இணைந்திருக்கும்.

"எரியுத எண்ணெ எப்பிடிலே கூடும்?" என்று சிரித்தார் மைதீன்.

மேலே ஏறி, கம்பி ஓடும் கப்பியைத் துடைத்தார். கம்பியை மாற்றினார். மறுநாள் முள் ஐந்தடியைத் தாண்டியிருந்தது. மூடியைத் திறந்து கோல் விட்டு அளந்திருக்கலாம். ஆனால் மூடியின் எட்டு போல்ட்டும் துருப்பிடித்துக் கிடந்தன. புதுக் கப்பி மதுரையிலிருந்து வரட்டும் என்று, முள்ளை நாலடியில் கட்டுக்கம்பியால் கட்டிவிட்டு இறங்கினார்.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்கு பாய்லர் தீ படபடவென்று அடித்து அணைந்தது. எண்ணெய் வரவில்லையோ என்று நல்லகண்ணு டேங்கடிக்கு ஓடி, அடிக்குழாயைத் திறந்தான். கொட்டியது வெந்நீர்.

"பாய்! தண்ணி வருது பாய்!"

தூரத்திலிருந்தே மைதீனுக்குப் புரிந்துவிட்டது. நீராவிக் குழாய் ஓட்டை. மூன்று நாளாக உள்ளே தண்ணீர் சேர்ந்து எண்ணெயைத் தூக்கியிருக்கிறது. முள் சரியாகத்தான் காட்டியது.

"வெளியே வாலே! ஓடி வா!"

அடியில் கிடந்த தண்ணீர் கொதித்தது. மூடியின் இடுக்கில் கரிய நுரை பொங்கிச் சுவர் வழியே சரிந்தது. நல்லகண்ணு தப்பித்துவிட்டான், இடது பாதம் மட்டும் தப்பவில்லை. அவன் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தறிக்கொட்டகைகூட நின்றுவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவனைச் சேர்த்துவிட்டு, சட்டையில் எண்ணெயோடு மேனேஜர் சங்கரபாண்டியன் முன்னால் போய் நின்றார் மைதீன்.

"நான்தான் அண்ணாச்சி முள்ளைக் கட்டினேன். போலீசுக்குச் சொல்லணும்னா சொல்லுங்க."

மேனேஜர் நிமிரவில்லை. "தெரியும் பாய். நீரு கட்டும்போது ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தேன். எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கலை."

திட்டுவார், வேலையை விட்டு அனுப்புவார் என்று மைதீன் என்னென்னவோ நினைத்துப் போயிருந்தார். இதை நினைக்கவில்லை.

மறுநாள் குழாயை வெளியே எடுத்தார்கள். கம்பு மணி அளவுக்கு ஓர் ஓட்டை. வீட்டில் மனைவி கதீஜம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு, "என்னத்தைப் பாத்தீக, இப்பிடி முழிக்கீக?" என்று கேட்டாள். அவர் ஆள்காட்டி விரல் நுனியைக் காட்டினார். "இத்தனூண்டு" என்றார்.

நல்லகண்ணு தையில் நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்தான்.