மழையை நிறுத்திய வகுப்பு

புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்ததும் எழுந்த ரப்பர் வாசத்தில், இப்போது இல்லாத எங்கள் கீரிப்பாறைத் தோட்டப் பள்ளி, தகரக் கூரையும் ரப்பர்ப்பால் புளித்த காற்றுமாக மெல்ல எழுந்து வந்தது. எங்களைக் கதை கட்டவைத்தே வினைச்சொற்களைப் படிப்பித்த மூன்றாம் வகுப்பு டீச்சர், ஒருநாள் பலகையில் "மழை பெய்தது" என்று எழுதி, கதையைத் தொடர்ந்து எழுதச் சொன்னார். அடுத்த வரியில் மயில் ஆடுமென்று நாகர்கோவில்காரரான அவர் காத்திருக்க, மழையென்றால் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் இல்லை, கூலியும் இல்லை என்றறிந்த பிள்ளைகள், மழை நின்றது, வெயில் வந்தது, மரம் உலர்ந்தது என்றே எழுதினார்கள். நான் மட்டும் கடைசி வரிவரை மழையைப் பெய்யவிட்டேன்.

"உன் மழை மட்டும் ஏன் மக்கா நிக்கல்ல?" என்றார் டீச்சர்.

"நிக்காண்டாம் டீச்சர். இருட்டோட பால் வெட்டப் போற அம்மை, மழைன்னாத்தான் நான் முழிக்கும்ப பக்கத்துல கெடப்பா."