அப்பாவின் கண்ணைத் திறந்தவள்

செத்தவர்களுக்குக் கண்ணைத் திறந்துவிடுவது புனிதாவுக்கு அன்றாட வேலை. அட, பயந்துவிடாதீர்கள். திண்டிவனத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் பதினாறு வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறவள் அவள். எங்கேயாவது சாவு விழுந்தால் பேனருக்கென்று ஒரு படத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். கல்யாணப் பந்தியில் வாய் நிறையச் சோற்றோடு கண்ணை மூடிக்கொண்டிருக்கும் படமாக இருக்கும். புனிதா கண்ணைத் திறப்பாள், சட்டைக்குக் காலர் வைப்பாள், வாயோரம் கொஞ்சம் சிரிப்பை இழுத்துவிடுவாள். அரை மணி நேரத்தில் கண்ணீர் அஞ்சலி தயார். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் கம்பத்துக்குக் கம்பம் நின்று சிரிக்கிற காலமானவர்களில் பாதிப் பேர் அவள் கைவேலைதான்.

ஆறு நாள் இந்தப் பிழைப்பு. ஏழாவது நாளாவது காலை நீட்டிப் படுப்பாளா என்றால், அதுவும் இல்லை. பெஞ்சல் புயலில் வீட்டுக்குள் தண்ணீர் ஏறி, ஊர் ஊராக ஜனங்களின் போட்டோக்கள் ஊறிப்போயின அல்லவா, அவற்றைக் காசு வாங்காமல் சரிசெய்து தருகிறோம் என்று மயிலம் பக்கத்துக் கல்லூரி வாத்தியார் ராஜ்குமார் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போட்டார். ஒன்பது பேர் வருகிறேன் என்று கை தூக்கினார்கள். பொங்கல் கழிந்தபோது மிஞ்சினது ராஜ்குமாரும் புனிதாவும்தான். கூட்டேரிப்பட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒரு சின்ன ரூம். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கழுத்துவலியோடு பஸ் ஏறி அங்கே போய் உட்காருவாள்.

"ஆறு நாளு செத்தவங்க, ஏழாவது நாளு நனைஞ்சவங்களா? உனக்கு வேற சனமே இல்லையா?" என்று புருஷன் கேட்பான். யாரும் அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. ஒவ்வொரு வாரமும், அடுத்த வாரம் வரமுடியாது என்று ராஜ்குமாரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிளம்புவாள். போனால் வாசலில் யாராவது பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். சொல்ல வாய் வராது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை காத்திருந்தவர்தான் வீரம்மாள். மயிலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். வயது அறுபதுக்கு மேல், இன்னும் மல்லாட்டை பிடுங்க, அதாவது வேர்க்கடலை பிடுங்க, கூலிக்குப் போகிறவர். மண்சுவர் இடிந்து விழுந்ததில் கண்ணாடி போட்ட படம் மூன்று நாள் சேற்றில் கிடந்திருக்கிறது.

"எங்கப்பா இதுல மட்டும்தான் இருக்குறாரு கண்ணு. வேற படமே இல்ல. எனக்கு அப்ப அஞ்சு வயசு. கண்ண மூடிப் பாத்தா மொகம் வரமாட்டேங்குது. மொகத்த மட்டும் எடுத்துக் குடுத்துட்டீங்கன்னா போதும்."

ராஜ்குமார் முதலில் கண்ணாடியோடு சேர்த்தே படத்தைக் காமிராவில் பிடித்துக்கொண்டார். நல்லவேளை. அப்புறம் கண்ணாடியைப் பிரித்தால், படத்தின் மேல்தோல் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. மிஞ்சினது வெறும் அட்டை. இனி வீரம்மாளின் அப்பா இருப்பது கம்ப்யூட்டருக்குள் மட்டும்தான் என்று நினைத்ததும் புனிதா அதற்கு இன்னொரு நகல் எடுத்து வைத்தாள்.

படத்தில் நடுவில் நாற்காலியில் அப்பா. பக்கத்தில் பெரிய பொட்டும் தலை கொள்ளாத பூவுமாக அம்மா. இந்தப் பக்கம் பதினைந்து பதினாறு வயதில் ஒரு பையன், வீரம்மாளின் அண்ணன். நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண், அது வீரம்மாள்தான். முழங்காலுக்குக் கீழே யாருக்கும் எதுவும் இல்லை, தண்ணீர் தின்றுவிட்டது. அப்பாவின் மார்பு முழுக்கப் பூஞ்சை பூத்த மாதிரி வெள்ளைத் திட்டுகள். கன்னத்தோரமாக மேலிருந்து தாடை வரைக்கும் வெள்ளையாக ஒரு பட்டை. கண் மூடியிருந்தது.

அவர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு. இருப்பதைத் துடைக்கலாம், இல்லாததை வரைவதற்கு முன்னால் வீட்டாரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். புனிதா கேட்டிருக்க வேண்டும். வீரம்மாள் கொடுத்துவிட்டுப் போனது பக்கத்து வீட்டு நம்பர். இரண்டு தரம் அடித்தாள், எடுக்கவில்லை. அந்த வாரம் மட்டும் கடையில் பதினோரு சாவு. கண் எரிந்தது, விரல் மரத்துப்போனது. சீக்கிரம் முடித்தால் போதும் என்று ஆகிவிட்டது. மார்பிலிருந்த திட்டுகளை எடுத்துவிட்டு வெள்ளைச் சட்டையை நிரவினாள். கன்னத்துப் பட்டையைத் துடைத்தாள். போட்டோ பிடிக்கும்போது மனுஷன் இமைத்துவிட்டார் போல என்று நினைத்துக்கொண்டாள். மூடின கண்ணைக் கண்டால் அவள் கை சும்மா இருக்குமா? பக்கத்தில் நின்ற பையனின் கண்ணை எடுத்து, கொஞ்சம் வயதாக்கி, அப்பாவுக்கு வைத்துவிட்டாள். நன்றாகவே வந்திருந்தது. ராஜ்குமார்கூட, "புனிதாக்கா, மனுஷன் இப்ப எழுந்து வந்து பேசிடுவாரு போல" என்றார்.

அடுத்த ஞாயிறு வீரம்மாள் வந்தார். படியேறின இளைப்போடு ஸ்டூலில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். இந்த இடத்தில் ஜனங்கள் சிரிப்பார்கள், கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள், பிள்ளைகளுக்கு வீடியோ கால் போடுவார்கள். வீரம்மாள் எதுவும் செய்யவில்லை. திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார்.

"இது எங்க அண்ணன் கண்ணுல்ல?"

புனிதா திரையில் அந்தக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டினாள். "அவர் கண்ணு மூடியிருந்துச்சும்மா. அதான் நானே வெச்சேன்."

"மூடித்தானே இருக்கும்? செத்தவரு எப்பிடிக் கண்ணத் தொறப்பாரு?"

"செத்தவரா?" என்றாள் புனிதா.

"எங்க சனத்துல அப்பல்லாம் உசுரோட இருக்கறப்ப யாரு போட்டோ புடிச்சா?" என்றார் வீரம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, புரியாத பிள்ளைக்குச் சொல்லுகிற மாதிரி சொன்னார். "செத்தாத்தான் திண்டிவனத்துலேர்ந்து போட்டோக்காரரக் கூப்புட்டுக்கினு வருவாங்க. குளிப்பாட்டி, மால போட்டு, நாக்காலில உக்கார வெச்சு, பின்னால ஒரு ஆளு துணிக்குள்ள ஒளிஞ்சுக்கினு தலய நிமித்திப் புடிச்சுக்குவாரு. எங்கம்மாவுக்குப் பூவும் பொட்டும் வெச்சாங்களே, கடைசியா வெச்சது அதுதான். உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சேன்?"

அய்யோ! புனிதா தலையில் கைவைத்துக்கொண்டாள். பூஞ்சை என்று அவள் எடுத்தது சாவு மாலை. தண்ணீர்க் கறை என்று துடைத்தது, செத்தவர் வாய் திறந்துகொள்ளாமல் தாடையைச் சுற்றிக் கட்டின வாய்க்கட்டு. பதினாறு வருஷமாகச் செத்தவர்களின் முகத்தைப் பார்த்தே கண் பூத்தவளுக்கு, எதிரில் ஒரு செத்த மனிதர் உட்கார்ந்திருப்பது தெரியவில்லை. எல்லாரையும் உயிரோடு இருப்பதாக மாற்றி மாற்றி, தனக்கு வித்தியாசமே தெரியாமல் போய்விட்டதோ என்று நினைக்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

"தப்பு பண்ணிட்டேம்மா. மன்னிச்சுக்குங்க. எல்லாத்தையும் பழையபடி ஆக்கிடறேன். இன்னிக்கே."

"இரு கண்ணு." வீரம்மாள் திரையைத் தொடாமல் விரலை நீட்டினார். "மால வெச்சுடு, ஊரு சனம் போட்டது. கண்ண மூடிடு. அது அண்ணன் கண்ணு, அது எனக்கு வேணாம். வாய்க்கட்டு மட்டும்..." விரல் அப்பாவின் கன்னத்தோரம் வந்தது. "அது இல்லாம இப்பத்தான் அப்பா மொகத்த நல்லாப் பாக்கறேன். அத அவுத்த மாதிரியே இருக்கட்டும்."

கண்ணை மூடுவதற்குப் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அவள் வைத்த கண் தனி அடுக்காகத்தான் இருந்தது, ஒரு தட்டுத் தட்டினால் மறைந்துவிடும். மாலையும் அப்படித்தான் திரும்பி வந்தது. ஆனாலும் மவுஸைப் பிடித்த கை கண்ணுக்கு வந்ததும் நின்றுவிட்டது. பதினாறு வருஷத்தில் ஒரு கண்ணையும் அவள் மூடினதில்லை.

"மூடு கண்ணு" என்றார் வீரம்மாள். "அன்னிக்கு என்ன அழவே வுடல. ஆடினா படம் கெட்டுப்பூடும், படம் புடிச்சு முடியட்டும்னு எங்கம்மா தொடயில கிள்ளிக்கினே நிக்க வெச்சுது. முடிஞ்சதும் யாரோ தூக்கிக்கினு போயி மாமா வூட்டுல வுட்டுட்டாங்க. திரும்பி வந்தப்ப எல்லாம் முடிஞ்சுபோச்சு."

புனிதா தட்டினாள். திரையில் அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டார். கட்டில்லாத வாய் லேசாகத் திறந்த மாதிரி தெரிந்தது.

"யப்பா..." என்று ஒரு சத்தம் வந்தது வீரம்மாளிடமிருந்து. கீழே ஜெராக்ஸ் கடையில் பேச்சு அடங்கிப்போனது. ஸ்டூலிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டு, நேற்றுச் செத்தவருக்கு அழுகிற மாதிரி அழுதார். ராஜ்குமார் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். புனிதா நாற்காலியைத் தள்ளிவிட்டு இறங்கி, சாவு வீட்டுக்குள் நுழைந்த பெண்கள் செய்வதைச் செய்தாள். எதிரில் உட்கார்ந்து, வீரம்மாளின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கூடச் சேர்ந்து அழ ஆரம்பித்தாள்.