நூறு கிராமுக்கு இந்தப் பக்கம்

ஆம், இல்லை என்று ஒற்றை வார்த்தையில் பதில் சொல்ல கிருஷாந்திக்குச் சின்ன வயதிலிருந்தே வராது. "சோறு போதுமா?" என்று அம்மா கேட்டால், "சாப்பிட்டுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்பாள். அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்துகொண்டே உயர்தரம் வரை கணிதம் படித்தவள். பல்கலைக்கழகம் கைநழுவிப் போக, அட்டனில் தரக் கட்டுப்பாடு படித்தாள். தேயிலைத்தூள் பைக்கற் போடும் தொழிற்சாலை ஒன்றில் வேலையும் கிடைத்தது. அங்கே அவளுடைய அந்தக் குணத்துக்குச் சம்பளமே கொடுத்தார்கள்.

ஒரு மழைநாளில் சரக்கு ஏற்ற லொறி வாசலில் வந்து நின்றது. மேலாளர் நடராசா யாழ்ப்பாணத்துக்காரர்; அவசரத்தில் பிறந்தவர். பைக்கற்றுகளின் சராசரி எடை நூறு கிராமுக்குக் குறையக்கூடாது என்பது வாங்குபவரின் நிபந்தனை. கிருஷாந்தி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதினைந்து பைக்கற்றை எடுத்து நிறுத்துக் கணக்குப் போட்டிருந்தாள்.

"பிள்ளை, சரியோ பிழையோ?"

"சராசரி தொண்ணூத்தொம்பது புள்ளி ஒண்ணுக்கும் நூறு புள்ளி மூணுக்கும் நடுவுல இருக்குங்க சேர்."

"நான் கேட்டது அதில்லை. லொறியை அனுப்பலாமோ?"

"நூறு நடுவுல மாட்டிக்கிச்சுங்க. கூடவும் இருக்கலாம், கொறையவும் இருக்கலாம். இந்த இடைவெளிக்குப் பேரு நம்பிக்கை ஆயிடை. நூறு தடவை இப்படிக் கணக்குப் போட்டா, தொண்ணூத்தஞ்சு தடவை போல உண்மையான சராசரி உள்ளுக்க விழுந்துரும்."

"நம்பிக்கை எண்டு பேரை வைச்சுக்கொண்டு, ஒண்டையும் நம்பமாட்டன் எண்டு நிக்கிறீர்."

பைக்கற் அடுக்கிக்கொண்டிருந்த ராக்காயி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கிருஷாந்திக்கு முகம் சுட்டது. ஆனாலும் பின்வாங்கவில்லை. "இன்னும் கொஞ்சம் பைக்கற் எடுத்து நிறுத்தா இடைவெளி சுருங்கும் சேர். அப்ப தெரிஞ்சிரும்."

நடராசா லொறிக்காரரைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "சரி, நிறுத்துப் பாரும்" என்றார்.

மொத்தம் அறுபது ஆயிற்று. இடைவெளி சொன்னபடியே சுருங்கியது. ஆனால் சுருங்கிய இடம்தான் சரியில்லை. தொண்ணூற்றொன்பது புள்ளி மூன்றிலிருந்து தொண்ணூற்றொன்பது புள்ளி எட்டு வரை. முழுசாகவே நூற்றுக்குக் கீழே. சரியாக வரவேண்டுமே என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தவளுக்கு, அதை வாய்விட்டுச் சொல்லக் கஷ்டமாக இருந்தது.

"கொறையுதுங்க சேர். இப்ப உறுதியா சொல்றேன்."

நடராசா மெஷின் பார்க்கும் விஜிதரனைக் கூப்பிட்டார். அவன் பைக்கற்றுக்குள் தூள் இறங்கும் புனலைக் கழற்றினான். ஈரக் காற்றில் தூள் களிபோல உள்ளே அப்பிக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் கொஞ்சத்தைப் பிடித்து வைத்திருந்தது. துடைத்துத் திருத்தியதும் வந்த புதுப் பைக்கற்றுகளில் இடைவெளியின் கீழ் எல்லையே நூற்றைத் தாண்டி நின்றது.

பழையவற்றை வெட்டிக் கொட்டி மறுபடி நிரப்பவேண்டும். ஆள் போதவில்லை. நடராசா சட்டைக் கையை மடித்துவிட்டு, ராக்காயி அக்காவுக்குப் பக்கத்தில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார். மூன்றாவது பைக்கற்றிலேயே தூள் மூக்கில் ஏறித் தும்ம ஆரம்பித்தார். தும்மல் நிற்கவில்லை.

"சேருக்கு எப்பங்க இது நிக்கும்?" என்று ராக்காயி அக்கா கிருஷாந்தியைக் கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம் தும்மட்டும் அக்கா, பாத்துட்டுச் சொல்றேன்."

நடராசாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பில் இன்னொரு தும்மல்.