பேசக் கூடாத பதினைந்து நாள்

குரல் போன அன்று நான் முதலில் மைக்கைத்தான் சந்தேகப்பட்டேன். ஒயரைக் கழற்றி மாட்டினேன். கணினியை அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். "அக்கா, வாய்ஸ் கரகரன்னு வருது" என்று இணையத்தில் என்னைப் பார்க்கிறவர்கள் திரையில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். மைக் நன்றாகத்தான் இருந்தது. கோளாறு என் தொண்டையில்.

திண்டிவனத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, தினமும் மதியம் இரண்டு மணியிலிருந்து ஏழு மணி வரை வீடியோ கேம் ஆடுவேன். நூறு பேர் ஒரு தீவில் குதித்து, கடைசி ஆள் மிஞ்சும்வரை ஒருவரையொருவர் சுட்டுக்கொள்ளும் ஆட்டம். நான் ஆடுவது அப்படியே இணையத்தில் நேரலையாக ஓடும். ஆடிக்கொண்டே பேச வேண்டும். என்னைவிட நன்றாக ஆடுகிறவர்கள் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். என்னிடம் ஆட்கள் வந்தது பேச்சுக்குத்தான். ஆட்டத்தில் செத்துப்போனால் நான் எங்கள் ஊர்ப் பேச்சில் எப்படிப் புலம்புகிறேன், சுட்டவனை எப்படித் திட்டுகிறேன் என்று கேட்க வருவார்கள். வாயை மூடினால் வேறு பக்கம் போய்விடுவார்கள். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று திரையின் மூலையில் ஓர் எண் இருக்கும்; அதைப் பொறுத்துத்தான் எனக்குப் பணம் வரும். எதிரியைப் பார்த்ததைவிட அந்த எண்ணைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன்பு ஒன்றரை வருடம் விழுப்புரத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பிடிக்காமல் விட்டுவிட்டேன். வீட்டில் நானும் அம்மாவும்தான். அம்மா ஓமந்தூர் பக்கம் ஒரு பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். பஸ்ஸில் யாராவது "பொண்ணு இன்னா பண்ணுது?" என்று கேட்டால், "வூட்லதான் இருக்குது. கம்ப்யூட்டர்ல ஏதோ பண்ணிக்கினு இருக்குது" என்பார்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன். "வேலை செய்யுதுன்னு சொன்னா இன்னாம்மா கொறஞ்சிடும்?"

அம்மா பையில் டிபன் பாக்ஸை வைத்துக்கொண்டே சொன்னார். "நான் ஒரு நாள் போவலைன்னா எண்பது புள்ளைங்க தட்டத் தூக்கிக்கினு நிக்கும். ஹெட்மாஸ்டரு போன் மேல போன் போடுவாரு. நீ ஒரு நாள் ஒக்காரலைன்னா யாரு தேடுவா? வரலைன்னா தேடணும். அதான் வேலை."

அந்தப் பேச்சு நாளெல்லாம் எரிச்சலாக இருந்தது.

குரல் கெட்ட பிறகும் பத்து நாள் நான் நிறுத்தவில்லை. மிளகுப் பால், உப்புத் தண்ணீர், மருந்துக்கடை மாத்திரை என்று ஓட்டினேன். பதினோராம் நாள் பேச வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. சனிக்கிழமை அம்மா என்னை விழுப்புரத்தில் ஒரு தொண்டை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் மெல்லிய குழாயைத் தொண்டைக்குள் விட்டுப் பார்த்தார். "டீச்சரா?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டார். "ஆமாங்க சார். மேத்ஸ் டீச்சரு."

"அதான். கத்திக் கத்திப் பாடம் எடுக்கிறவங்களுக்கு நெறைய வருது. குரல் நாண்ல சின்ன வீக்கம். பதினஞ்சு நாள் பேசவே கூடாது. குசுகுசுன்னும் பேசாதீங்க, அது இன்னும் கெடுதல். ஸ்கூலுக்கு லீவு லெட்டர் எழுதித் தரட்டுமா?"

"குடுங்க சார்" என்று அம்மா கொஞ்சமும் தயங்காமல் வாங்கி மடித்துப் பைக்குள் வைத்தார்.

திரும்பும் பஸ்ஸில் என் போனில் தட்டிக் காட்டினேன்: ஏன் பொய் சொன்ன?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பின்ன, கேம் ஆடித் தொண்ட போச்சுன்னா சொல்றது? சிரிப்பாரு."

மறுபடி தட்டினேன்: லெட்டரை யாருகிட்ட குடுக்கப் போற?

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முதல் இரண்டு நாள் முன்னறைக்கும் கொல்லைக்குமாக நடந்தேன். துணிகளை மடித்தேன், கலைத்தேன், மறுபடி மடித்தேன். மணி இரண்டானால் உடம்பு தானாகக் கணினிப் பக்கம் திரும்பும். பேச்சு தொண்டை வரை வந்து நிற்கும். மூன்றாம் நாள் உட்கார்ந்துவிட்டேன். "தொண்டை சரியில்லை, டாக்டர் பேசக் கூடாதுன்னுட்டார்" என்று திரையில் பெரிதாக எழுதிவைத்துவிட்டுப் பேசாமல் ஆடினேன். யார் படிக்கிறார்கள்? "மைக் ஆஃப்ல இருக்கு" என்று வருகிறவர் எல்லாம் எழுதினார்கள். "சீன் போடுறா" என்று ஒருவன். எண் இறங்கிக்கொண்டே வந்தது. மறுநாள் இன்னும் கொஞ்சம். மூன்று வருடமாகத் தினம் வந்தவர்கள், என்ன ஆயிற்று என்றுகூடக் கேட்காமல் போனார்கள். அம்மா சொன்னது சரிதானோ என்று அப்போதுதான் பயம் வந்தது. ஆனால் அந்தப் பள்ளியை விட்டு நான் வந்த அடுத்த திங்கட்கிழமையே என் வகுப்பில் வேறொரு டீச்சர் நின்றிருந்தார். அங்கும் யாரும் என்னைத் தேடவில்லை. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தில் கை ஓடவில்லை.

ஆறாம் நாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்த அம்மா, பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் என் பின்னால் வந்து நின்றார். நான் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்திருக்க வேண்டும்.

"இதுல பேசினா அவங்களுக்குக் கேக்குமா?"

தலையாட்டினேன். அம்மா குனிந்து, சிக்னல் இல்லாத போனில் பேசுவதுபோல மைக்கிடம் கத்தினார்.

"எம் பொண்ணுக்குத் தொண்ட சரியில்லைங்க. டாக்டரு பேசக் கூடாதுன்னுட்டாரு. லெட்டரே குடுத்துக்கிறாரு. இன்னும் ஒம்போது நாள் லீவு. முடிஞ்சதும் வந்துடும். யாரும் தப்பா நெனைக்காதீங்க."

சிலர் கைதட்டும் படம் போட்டார்கள். சிலர் வணக்கம் சொன்னார்கள். ஒருவன் எழுதினான். ஆங்கில எழுத்தில் இருந்ததை அம்மா எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார். "கெழவி, போய் சோறாக்கு." பிறகு அதே குரலில், "ஆக்கிப் போட்டுட்டுதான் வர்றேன், எண்பது புள்ளைங்களுக்கு. நீ துன்னியா?" என்றார். எனக்கு வந்த சிரிப்பை வாயைப் பொத்தி அடக்கினேன்.

அடுத்து வந்ததை அம்மா உரக்கப் படிக்கவில்லை. வேறொருவன் என் உடம்பைப் பற்றி எழுதியிருந்தான். அப்படி வருபவற்றைக் கண்ணில் படாததுபோலத் தாண்டிப் போக நான் பழகியிருந்தேன். அம்மா பழகியிருக்கவில்லை.

"யாரு இவன்?"

தெரியாது என்று கையை விரித்தேன்.

"தெனமும் வருமா?"

தலையாட்டினேன்.

"இத பாத்துக்கினேதான் சிரிச்சிச் சிரிச்சிப் பேசுவியா?"

அதற்கும் தலையாட்டினேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் எல்லாவற்றையும் அணைத்தேன்.

அன்று தோசை ஊற்றும்போது, என் பக்கம் திரும்பாமலே சொன்னார். "வேலைதான். இல்லைன்னு இனிமே சொல்ல மாட்டேன்." தோசையைத் திருப்பினார். "ஆனா இந்த வேலை வேணான்டி. வேற பாரு."

முதல் வாக்கியத்துக்காக மூன்று வருடம் காத்திருந்தேன். அதைக் கேட்ட சந்தோஷம் ஒரு தோசை வேகும் நேரம்கூட நிற்கவில்லை.

பதினைந்து நாள் முடிந்து குரல் வந்தது, முன்பைவிடக் கொஞ்சம் கனத்து. மறுபடி ஆட ஆரம்பித்தேன். பாதிப் பேர் திரும்பவில்லை. நாளுக்கு மூன்று மணி நேரமாகக் குறைத்துக்கொண்டேன். எவனாவது கண்டபடி எழுதினால் படிக்காததுபோல இருக்க முன்போல முடியவில்லை. உடனே அவனை நேரலையிலிருந்து வெளியே தள்ளினேன். அதற்காக ஆட்டத்தை நடுவில் விட வேண்டியிருந்தது.

அம்மா யார் யாரிடமோ விசாரித்து விழுப்புரத்தில் இன்னொரு பள்ளியில் நேர்முகத் தேர்வுக்குச் சொல்லிவைத்தார். போனேன். வராந்தாவில் ஐந்து பெண்கள் மடியில் பைலோடு உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் இருந்தவர் பதினோரு வருடம் பாடம் எடுத்தவராம். தினமும் காலையில் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுத்தான் கிளம்புவாராம். எனக்கு முன்னால் ஒருவர்தான் பாக்கி. மணி பன்னிரண்டேகால். எழுந்தேன். "பாத்ரூம் அந்தப் பக்கம்மா" என்றார் பியூன். நான் கேட்டைத் தாண்டி நடந்து திண்டிவனம் பஸ் ஏறினேன். இரண்டு மணிக்குக் கணினி முன்னால் இருந்தேன்.

சாயங்காலம் அம்மா வந்ததும், "இன்னா கேட்டாங்க?" என்றார்.

"உள்ளயே போவலம்மா. எழுந்து வந்துட்டேன்."

"ஏன்டி?"

"தெரியல. ஒக்கார முடியல."

அம்மா திட்டுவார் என்று காத்திருந்தேன். கால் கழுவக் கொல்லைக்குப் போய்விட்டார். ஆனால் கண்டபடி எழுதுகிறவர்களைத் தள்ளித் தள்ளி எனக்கே அலுத்துவிட்டது; அந்த மாதமே இன்னும் இரண்டு பள்ளிகளுக்கு நானாகவே விண்ணப்பம் போட்டேன். ஒன்றிலிருந்து நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டார்கள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.