ஆறாவது கிளாசில் இருந்த மணம்

ஆறாவது கிளாசில் நான் ஒன்றும் ஊற்றவில்லை. மாமாவை ஒருமுறையாவது தோற்கடிக்க வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் வேறு கெட்ட எண்ணம் எதுவும் இருக்கவில்லை. எனக்கு அப்போது பத்து வயது.

மாமா அம்மாவின் தம்பி. மன்னாரிலிருந்து இந்தக் குளிர்நாட்டுக்கு வந்த புதிதில் ஓர் இத்தாலிய உணவகத்தில் கோப்பை கழுவியவர், மூக்கின் புண்ணியத்தில் மேலே வந்தார். இத்தாலிய வைன்களையும் கிராப்பா என்ற திராட்சைச் சாராயத்தையும் இறக்குமதி செய்யும் ஒரு கம்பனிக்குச் சுவைத்துத் தரம் சொல்வது அவர் வேலை. வருடத்துக்கொருமுறை நகரத்தில் நடக்கும் போட்டியில் நடுவராகவும் உட்காருவார். ஒரு மிடறும் விழுங்காமல் வாளியில் துப்பிவிடுவதுதான் தொழில் என்று எத்தனை தடவை விளக்கியும் அம்மா நம்பவில்லை. ஞாயிறு பூசைக்குப் பிறகு யாராவது விசாரித்தால், தம்பி இம்போர்ட் செய்கிறான் என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

மாமி இறந்து ஒரு வருடமாகியிருந்தது. நகரத்தின் ஓரத்தில், ரூஜில், அந்தப் பெரிய வீட்டில் மாமா தனியே இருந்தார். அவருக்குத் துணை என்று சொல்லி, சனிக்கிழமைகளில் அம்மா என்னை எங்கள் வீடு இருந்த வோபர்னிலிருந்து கொண்டுபோய் அங்கே இறக்கிவிட்டு அடுத்த ஊரான ஒஷாவாவுக்கு வேலைக்குப் போவார். மாமா அதிகம் பேசமாட்டார். மத்தியானம் சாப்பிட்டதும் பேஸ்மன்டில் பயிற்சி தொடங்கும்.

போத்தல்களுக்குப் பழைய காலுறைகளை மாட்டி, வரிசையாக வைத்த கிளாஸ்களில் ஊற்றுவது என் பொறுப்பு. அதுவரை மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது என்பதற்காகக் கிளாஸ்கள் கறுப்பு. முதலில் கையால் தொடாமல் குனிந்து மணக்க வேண்டும். மணந்ததை எழுதிய பிறகுதான் தூக்கி வாயில் வைக்கலாம். எனக்கு எல்லாமே பல் டாக்டரின் அறை மாதிரித்தான் மணத்தன. மாமா மட்டும் ஒன்றில் ரோசாப்பூவும் தாரும் என்பார், இன்னொன்றில் புளித்த செரிப்பழம் என்பார். காலுறையைக் கழற்றினால் அவர் சொன்ன வைனே இருக்கும்.

போட்டிக்கு ஒரு கிழமை இருந்த அந்தச் சனிக்கிழமை ஐந்து கிளாஸ்களையும் பிழையில்லாமல் சொன்னார். ஆறாவதின் மேல் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. பேனை அசையவில்லை.

"பால் அடிப்பிடிக்குது. ஓடிப்போய் அடுப்பை நிப்பாட்டு," என்றார்.

மேலே ஓடினேன். குசினியில் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அதன்மேல் ஒரு சட்டிகூட இல்லை. யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த வெளிச்சம், வீடு முழுக்க ஒரே வெள்ளை. எந்த மணமும் இல்லை. இறங்கி வந்து சொன்னேன். மாமா கண்களை மூடியபடி அப்படியே குனிந்து நின்றார். முகத்தில் ஒரு வருடமாக நான் பார்க்காத சிரிப்பு.

"உன்ர மாமி பாலை வைச்சுப்போட்டு ஆரோடயோ போனில கதைச்சுக்கொண்டு நிக்கிறா. ஒருக்காக் கூப்பிடு பிள்ளை."

மாமி அப்படித்தான். அவர் இருந்த காலத்தில் அந்த வீட்டில் பால் அடிப்பிடிக்காத நாள் குறைவு. ஆனால் மாமியைப் பெட்டியில் வைத்து மூடியதை நானும் பார்த்திருந்தேன். படிக்கட்டின் அடியில் போய் நின்று, மறுக்கத் தெரியாமல், "மாமி" என்றேன். அந்த நேரம் பார்த்து ஹீட்டர் ஒரு நீண்ட மூச்சோடு ஓடத் தொடங்கியது. மாமா தலையைச் சரித்து அதைக் கேட்டார்.

பிறகு அவர் கிளாசைத் தூக்கிச் சரித்தார். ஒன்றும் வரவில்லை. என்னைப் பார்த்தார்.

"இதுக்கை ஊத்தினனீயோ?"

"ஓம் மாமா. ஊத்தினனான்."

பயத்தில் வந்த பொய் அது. ஊற்றியதை யாரோ குடித்துவிட்டிருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. யார் என்று மாமா கேட்கவில்லை. கிளாசை மெல்ல வைத்துவிட்டுத் தாளில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்று எழுதினார். எவ்வளவு நல்ல வைனுக்கும் தொண்ணூற்றிரண்டுக்கு மேல் கொடுக்காதவர்.

போட்டியில் அவர் எல்லாக் கிளாசுக்கும் அடிப்பிடித்த பால் என்ற ஒரே குறிப்பையே எழுதினார் என்றும், தலைமை நடுவர் அவரைத் தனியே கூப்பிட்டு வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கச் சொன்னார் என்றும் பிறகு தெரிந்தது. அம்மா, அவன் கடைசியில் விழுங்கத் தொடங்கிவிட்டான் என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அடுத்த சனிக்கிழமைகளில் மாமாவின் வீட்டில் கண்ட இடமெல்லாம் வெறும் கிளாஸ்கள் இருந்தன. நான் அவற்றைத் தொடாமல் விலகி நடந்தேன்.

போட்டி முடிந்து மூன்றாவது கிழமை மாமா வலிப்பு வந்து விழுந்தார். ஆஸ்பத்திரி வாகனத் தரிப்பிடத்தில், காருக்குள், நான் அழுதுகொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மாமி கிளாசில் இருக்கிறா என்றேன். அம்மா திட்டவில்லை. எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் கேட்டு, நேரே உள்ளே போய் டாக்டரிடம் சொன்னார். படம் எடுத்தார்கள். நெற்றிக்குப் பின்னால் கச்சான் கடலையளவில் ஒரு கட்டி. இல்லாத மணத்தை அதுதான் உண்டாக்குகிறது, எடுத்துவிட்டால் மணமும் போய்விடும் என்றார்கள். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். மாமா, ஒரு மாதம் பிந்திச் செய்தால் என்ன என்று கேட்டார். அம்மா அவரிடம் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. மாமா இன்றும் இருக்கிறார். இன்றும் ரோசாப்பூவையும் தாரையும் பிரித்துச் சொல்கிறார்.

ஆனால் சத்திரசிகிச்சைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவிருந்த அன்று காலை, எங்களைக் காரில் இருக்கச் சொல்லிவிட்டு உடுப்பெடுக்க வீட்டுக்குள் போனவர் வெகுநேரமாக வரவில்லை. அம்மா என்னை அனுப்பினார். கதவைத் திறந்ததும் புகை கண்ணில் குத்தியது. குசினியில் உண்மையாகவே பால் கருகிக்கொண்டிருந்தது. மாமா அடுப்பை நிறுத்திவிட்டுச் சட்டியின் மேல் குனிந்து, கிளாசின் மேல் குனிவது போலவே கண்ணை மூடி, ஒருமுறை மணந்தார். நிமிர்ந்து மூச்சுவிட்டு இன்னொரு முறை மணந்தார். முகம் நனைந்திருந்தது.

"இல்லைப் பிள்ளை, இது வேற மணம்," என்றார்.

அவர் ஒரு விடையைப் பிழையாகச் சொல்லிவிட்டார், அதுதான் கவலைப்படுகிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை சரியாகச் சொல்லிவிடுவார் என்று சொல்லி, கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.