சாராயம் உள்ள மேகம்

பாடம் ஒப்பிப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஆறாம் வகுப்பில் எனக்கொரு நினைப்பு. அந்த நினைப்பில்தான் அத்தையின் கல்யாணத்தைக் கெடுத்தேன்.

அப்பாவின் தங்கையான அத்தைக்கு பெங்களூரில் வேலை. பெரிய கிண்ணம் மாதிரியான ரேடியோ தொலைநோக்கியை வைத்து, நட்சத்திரங்களுக்கு நடுவே என்னென்ன வேதிப்பொருள் கிடக்கிறது என்று தேடுவார். பீளமேட்டில் மோட்டார் பட்டறை வைத்திருந்த எங்கள் வீட்டில் அது யாருக்கும் விளங்கவில்லை. எனக்கு மட்டும் தலைகால் புரியாத பெருமை.

தொண்ணூற்றைந்து வாக்கில் அவிநாசியிலிருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், நூல் மில், தோட்டம். கல்யாணமானதும் வேலையை விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. அப்பா தலையாட்டிவிட்டார். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் அத்தை என்னைக் கூப்பிட்டு, "அத்தை என்ன வேலை செய்யறேன்னு நாளைக்கு நீதான் அவிங்களுக்குச் சொல்லோணும் அம்மணி" என்றார்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அத்தை சொல்லித்தந்ததை மொட்டை மாடியில் நடந்து நடந்து உருப்போட்டேன். அத்தை கூடவே வந்து கேட்டார். ஓரிடத்தில் மட்டும் நிறுத்தி, "இன்னும் சத்தமா கண்ணு" என்று மூன்று முறை திரும்பச் சொல்ல வைத்தார்.

மறுநாள் காலை மாப்பிள்ளையின் அப்பா கூடத்தில் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். தன் ஊரில் சாராயக் கடையையே மூட வைத்தவர் என்று அப்பா அவரைப் பெருமையாக அறிமுகம் செய்தார். அவர் கேசரியை எடுக்கும் நேரம் பார்த்து, நான் கையைக் கட்டிக்கொண்டு தொடங்கினேன்.

"நட்சத்திரத்துக்கெல்லாம் நடுவுல பெரிய பெரிய மேகம் இருக்குதுங்க. அது சுருங்கித்தான் புது நட்சத்திரம் பொறக்குதுங்க. அதுல அம்மோனியா இருக்குதுங்க. சாராயமும் இருக்குதுங்க! எங்க அத்தை அதைத்தான் தேடிக் கண்டுபுடிக்கறாங்க!"

கேசரி பாதி வழியில் நின்றது. "ஏனுங்க, புள்ள என்னமோ சொல்லுதுங்களே?" என்று அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அத்தையைப் பார்த்தார்.

"நெசந்தானுங்க மாமா," என்றார் அத்தை, தலை நிமிராமல். "பூமியே கொள்ளாத அளவுக்கு இருக்குதுங்க. நான் இன்னும் நெறையத் தேடோணுமுங்க."

அவர்கள் கார் தெருமுனை தாண்டும் முன்பே எனக்கு அர்ச்சனை தொடங்கிவிட்டது. அத்தை வாழ்க்கையையே கெடுத்துப்போட்டாயே என்றார் அம்மா. ஓடிப்போய் மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன். மீந்த கேசரியோடு அத்தை தேடி வந்தார்.

"ரேடியோவுக்குப் பகலு ராத்திரி எல்லாம் கெடையாது கண்ணு. அந்த மேகம் இப்பவும் நம்ம தலைக்கு மேலதான் இருக்குது" என்றார். அழுகை போன இடம் தெரியவில்லை. கண் கூசக் கூச அந்த வெயில் வானத்தைப் பார்த்துக் குதித்தேன்.

சென்ற மாதம் அத்தை ஓய்வு பெற்றார். நட்சத்திரம் பிறக்கும் மேகங்களைப் பற்றி அவரிடம் படித்தவர்கள், அவர்களிடம் படித்தவர்கள் என்று அரங்கம் நிறைந்திருந்தது. தாங்கள் அந்த மேகங்களில் தேடிப் பிடித்த பொருள்களின் பெயர்களை ஒவ்வொருவரும் பிள்ளைகளின் பெயரைச் சொல்வது போலச் சொன்னார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். அவிநாசிக் கதையைச் சொல்லி, அன்று ஒப்பித்ததை அப்படியே ஒப்பித்தேன். சாராயம் வந்த இடத்தில் எல்லோரும் சிரித்தார்கள்.

முன்வரிசையில் இருந்த அத்தை மட்டும் சிரிக்காமல், "இன்னும் சத்தமா கண்ணு" என்றார்.

முப்பது வருடமாக, அந்தக் கல்யாணத்தைக் கெடுத்தது நான்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.